உங்க கடற்கரை ஊர் வளர்ந்த கதையை எழுதுவது எப்படி? ஒரு நார்வே ஊரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்

கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம், பெரியபட்டினம், பாம்பன், ஏர்வாடி, மூக்கையூர் என்று நம்ம ராமநாதபுரம் கரையில் எந்த ஊரில் போய் "இந்த ஊர் எப்படி வளர்ந்தது?" என்று கேட்டாலும் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று ராமர், பாண்டியர், சேதுபதி என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிடும். இன்னொன்று, "எங்க தாத்தா காலத்துல இங்க என்ன இருந்துச்சு, வெறும் உடைமரமும் பனையும்தான்" என்று முடிந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சில நூறு வருஷம், யார் என்ன பிடித்தார்கள், என்ன ஏற்றினார்கள், எந்தத் தெரு முதலில் வந்தது, எது நின்றுபோனது, இதெல்லாம் பெரியவர்கள் வாயில் மட்டும் இருக்கிறது. அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கையேடு. உங்க ஊரைப் பற்றி எழுத நீங்கள் சரித்திரம் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டு, குரல் பதிவு செய்ய ஒரு போன், கொஞ்சம் பொறுமை, அப்புறம் எந்தக் கேள்வியை எந்த வரிசையில் கேட்பது என்ற தெளிவு, இவ்வளவு போதும்.

வரிசை பிடிபடுவதற்கு, ஏற்கெனவே நன்றாக எழுதி வைத்திருக்கிற ஒரு ஊரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. நான் எடுத்துக்கொண்டது நார்வேயின் மேற்குக் கரையில் உள்ள கிறிஸ்டியான்சுண்ட். (தெற்கே கிறிஸ்டியான்சாண்ட் என்று இன்னொரு பெரிய ஊர் இருக்கிறது, தேடும்போது குழப்பிக்கொள்ளாதீர்கள்.) ஏன் நார்வே என்றால், அங்கே ஊருக்கு ஊர் தங்கள் கதையைத் தாங்களே எழுதி வைக்கும் பழக்கம் நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிறது, பண்ணை பண்ணையாக, குடும்பம் குடும்பமாக எழுதிய தடிமனான ஊர்ப் புத்தகங்கள் சின்னச் சின்ன இடங்களுக்குக்கூட உண்டு. ஏன் இந்த ஊர் என்றால், இருபத்து நாலாயிரம் பேர் அளவுதான், கீழக்கரையை விடச் சின்னது. தீவுகளின் மேல் இருக்கிறது. உப்பிட்டுக் காயவைத்த மீனால் வளர்ந்தது. ஒரு பேரழிவைப் பார்த்தது. பாலமும் சுரங்கப்பாதையும் வந்த பிறகு மாறியது. இதில் எது நமக்குப் புதுசு?

முதலில் சரக்கு, அப்புறம் ராஜா

ஊர்க் கதை எழுத உட்காருகிற எல்லோரும் ஆண்டவர்களின் பட்டியலில் ஆரம்பிக்கிறார்கள். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதல் பக்கத்தில் எழுத வேண்டிய கேள்வி, இந்த ஊரிலிருந்து என்ன வெளியே போனது, பதிலுக்கு என்ன உள்ளே வந்தது என்பதுதான்.

கிறிஸ்டியான்சுண்ட் இருக்கும் இடத்தைப் பாருங்கள். கிர்க்கெலாண்டெட், இன்லாண்டெட், நோர்லாண்டெட் என்ற தீவுகளுக்கு நடுவில் காற்றுக்கு மறைவான ஒரு துறைமுகம், சுற்றிலும் பாறை, பெரிதாக விவசாயம் செய்ய மண் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் லில்லே-ஃபோசன் என்ற பெயரில் இது ஒரு சின்னத் துறை. டச்சுக் கப்பல்கள் மரம் வாங்க வந்துபோயின. 1690களில் யாப்பே இப்பெஸ் என்ற டச்சுக்காரர் அங்கே காட் என்ற கடல் மீனைப் பிளந்து, உப்பிட்டு, பாறை மேல் காயவைக்கும் தொழிலைத் தொடங்கினார். 1742ல் டென்மார்க்-நார்வே அரசர் ஆறாம் கிறிஸ்டியான் நகர உரிமை கொடுத்தார், ஊருக்கு அவர் பெயரே வந்தது. அரசர் கையெழுத்துப் போட்டது 1742ல், மீன் பாறைக்கு வந்தது அதற்கு ஏறக்குறைய ஐம்பது வருஷம் முன்னால். நகர உரிமையில் கதையை ஆரம்பித்தால் அந்த ஐம்பது வருஷமும் காணாமல் போய்விடும்.

அந்தக் காய்ந்த மீன் ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும், பின்னால் பிரேசிலுக்கும் போனது. கத்தோலிக்க நாடுகள், தவக்காலத்திலும் வெள்ளிக்கிழமைகளிலும் கறி கிடையாது, கெடாமல் மாதக்கணக்கில் இருக்கும் மீனுக்கு அங்கே எப்போதும் கிராக்கி. 19ஆம் நூற்றாண்டில் இந்தச் சரக்கில் நார்வேயின் முன்னணி ஏற்றுமதி ஊர்களில் ஒன்று இது. அப்புறம் 1880களில் வெளிச்சந்தை விழுந்தது, பெரிய பெரிய வணிகக் குடும்பங்கள் திவாலாயின. ஒரே சரக்கை நம்பிய ஊரின் ஏற்றமும் இறக்கமும் அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

இப்போது இதே கேள்வியை நம்ம பக்கம் திருப்புங்கள். கீழக்கரை என்றால் எல்லோருக்கும் தெரிந்தது "செத்தும் கொடுத்தான் சீதக்காதி". 17ஆம் நூற்றாண்டில் அந்த வள்ளல் கொடுத்ததைப் பற்றி எவ்வளவோ சொல்கிறோம், உமறுப் புலவரை ஆதரித்ததைச் சொல்கிறோம். கொடுப்பதற்கு அவ்வளவு செல்வம் எந்தச் சரக்கில் வந்தது, எந்தத் துறைக்கு எந்தக் காற்றில் கப்பல் போனது என்று நம்ம பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். டச்சுக்காரர்களுக்குக் கீழக்கரையிலும் பண்டகசாலை இருந்தது, அதாவது வடக்கே மரம் வாங்கிய அதே நாட்டு வணிகர்கள் இங்கேயும் சரக்குக்குத்தான் வந்தார்கள். மன்னார் வளைகுடா முத்து, வங்காளத்தில் வளையல் அறுக்கப் போன சங்கு, துணி, அரிசி, பின்னால் இலங்கைத் தொடர்பு, இன்றைக்கு வளைகுடா நாடுகளிலிருந்து வரும் பணம் என்று ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள். கடைசி முத்துக்குளிப்பு 1961ல் நடந்தது. அதற்குப் பிறகு முத்தை நம்பியிருந்த குடும்பங்கள் எந்தத் தொழிலுக்கு மாறின என்பதைக் கேட்டு எழுதினாலே ஒரு அத்தியாயம் வரும்.

பழைய ஊர் என்றால் இன்னும் பின்னால் போகலாம். வைகை கடலில் சேரும் இடத்துக்கு அருகே அழகன்குளத்தில் ரோமானிய நாணயங்களும் பானை ஓடுகளும் கிடைத்தன, பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. இவற்றைப் பெருமைக்காக ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். சீனப் பீங்கான் வந்தது என்றால் அந்தக் கப்பல் திரும்பும்போது காலியாகவா போயிருக்கும்? எதை ஏற்றிக்கொண்டு போனது என்று கேட்டால்தான் ஊர் உள்ளே வரும்.

ஊரில் இல்லாதது எது என்றும் எழுதுங்கள்

இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், ஆனால் ஒரு ஊரின் உருவத்தைத் தீர்மானிப்பது பாதி நேரம் இதுதான். கிறிஸ்டியான்சுண்டில் மீன் இருந்தது, பாறை இருந்தது, காற்று இருந்தது, உப்பு இல்லை. அந்தக் குளிரில் உப்பளம் போட முடியாது. அதனால் தெற்கே மீன் கொண்டுபோன கப்பல்கள் திரும்பி வரும்போது ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்து உப்பை ஏற்றி வந்தன. மீன் போகும், உப்பு வரும், அந்த உப்பில் அடுத்த வருஷத்து மீன் தயாராகும். இப்படி ஓடிய கப்பல்களால்தான் அந்தச் சின்ன ஊருக்குத் தெற்கு ஐரோப்பாவோடு இவ்வளவு ஒட்டுறவு, தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் போட்ட பக்கலாவ் என்ற மீன் குழம்பு இன்றைக்கும் அவர்கள் வீட்டுச் சாப்பாடு.

நமக்கு உப்பு குறைவில்லை, வாலிநோக்கத்தில் அரசு உப்பு நிறுவனமே நடக்கிறது. நமக்கு இல்லாதது நல்ல தண்ணீர். அப்படியானால் உங்க ஊர்க் கதையில் தண்ணீருக்கு ஒரு தனிப் பக்கம் இருந்தாக வேண்டும். எந்த ஊருணியில் குடிதண்ணீர் எடுத்தார்கள், எந்தக் கிணறு எந்தத் தெருவுக்கு, மணலில் ஊற்றுத் தோண்டி அகப்பையால் மொண்டு குடம் நிறைத்த இடம் எது, வண்டித் தண்ணீர் எப்போது விற்பனைக்கு வந்தது, காவிரி கூட்டுக் குடிநீர்க் குழாய் வந்த பிறகு எந்தக் கிணறு தூர்ந்துபோனது. ஊருணியைச் சுற்றி வீடுகள் எந்த வரிசையில் வந்தன என்று ஒரு படம் போட்டுப் பாருங்கள், ஊர் எந்தத் திசையில் வளர்ந்தது என்பது அநேகமாக அந்தப் படத்திலேயே தெரிந்துவிடும்.

யார் கை பட்டது

பாறையில் மீன் காயவைத்த வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். காட் மீனைத் தலை வெட்டி, வயிற்றைப் பிளந்து, நடுமுள்ளை எடுத்து, தட்டையாக விரித்து, உப்புப் போட்டு வாரக்கணக்கில் அடுக்கி வைப்பார்கள். அப்புறம் உப்பைக் கழுவ வேண்டும், குளிர்ந்த கடல் தண்ணீரில். பிறகு ஒவ்வொன்றாகப் பாறையில் பரப்ப வேண்டும். வெயில் அதிகமானாலும் மீன் வெந்துபோகும், மழை வந்தாலும் கெட்டுவிடும், அதனால் வானத்தைப் பார்த்துப் பார்த்து எடுத்து அடுக்கி, மேலே மூடி பாரம் வைத்து, மறுநாள் திரும்பவும் பிரித்துப் பரப்ப வேண்டும். வாரக்கணக்கில் இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். பழைய வணிகர்களின் பெயர் தெருப்பலகையில் இருக்கிறது, கழுவிய பெண்களின் பெயர் வெகுகாலம் எங்கேயும் இல்லை. இப்போது அந்த ஊரில் மீன் சுமக்கும் பெண்ணுக்கு ஒரு சிலையே இருக்கிறது, பழைய மீன் கிடங்கு ஒன்று அருங்காட்சியகமாகவும் ஆகியிருக்கிறது.

நம்ம கரையில் இந்தப் பக்கத்தை எழுதாமல் விட்டால் பாதி ஊரை விட்ட மாதிரி. திருக்கையை அறுத்து உப்புத் தொட்டியில் போடுவதும், நெத்திலியை உப்பில்லாமல் மணலில் தூவிக் காயவைத்துச் சாயங்காலம் ஈர்க்குமாறால் கூட்டி அள்ளுவதும், வாடியில் மீன் தரம் பிரிப்பதும் யார்? மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி முகத்தில் கண்ணாடி மாட்டி மூச்சை அடக்கிக் கடல்பாசி எடுப்பது யார்? பனையோலை நார்ப்பெட்டி முடைந்து, அதில் கருவாடும் கருப்பட்டியும் வெளியூர் போனது யார் கையால்? இவர்களிடம் கேட்கும்போது "என்ன வேலை செய்றீங்க அக்கா?" என்று கேட்காதீர்கள், "வீட்டு வேலைதான்" என்று சொல்லிவிடுவார்கள். "காலைல எத்தனை மணிக்கு வாடிக்குப் போவீங்க, யாரு கூப்பிடுவா, கூலி பணமாவா மீனாவா?" என்று கேளுங்கள். 1986ல் அந்த 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு பாசி எடுப்பவர்களுக்கு என்ன மாறியது என்பதையும் அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதுங்கள்.

பெரியவர்களிடம் கேட்பது

வருஷத்தைக் கேட்காதீர்கள். "ஐயா, இந்த ரோடு எந்த வருஷம் போட்டாங்க?" என்றால் "அது ஆச்சு தம்பி முப்பது நாப்பது வருஷம்" என்பார்கள், அந்தப் பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஊருக்கே தெரிந்த சில சம்பவங்களை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்: தனுஷ்கோடி புயல் 1964, கச்சத்தீவு ஒப்பந்தம் 1974, இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு மண்டபம் முகாமுக்கு அகதிகள் வந்தது 1983, ரோட்டுப் பாலம் திறந்தது 1988, சுனாமி 2004, பாம்பன் ரயில் பாதை அகலப்பாதை ஆனது 2007. இப்போது "புயலுக்கு முன்னாடியா, அப்புறமா?" என்று கேட்டால் யாருக்கும் தடுமாற்றம் இருக்காது. கல்யாணம், முதல் பிள்ளை, பெரிய மகன் சபுராளியாக (வெளிநாட்டு வேலைக்கு) போன வருஷம், இவையும் நல்ல அடையாளம்.

கேள்வி பொதுவாக இல்லாமல் பொருளைத் தொட்டு இருக்கட்டும். "உங்க கல்யாணத்துக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க எதுல வந்தாங்க?", "ஊர்ல முதல்ல இஞ்சின் வச்ச வள்ளம் யாருது?", "ஐஸ் எங்க இருந்து வந்துச்சு, அதுக்கு முன்னாடி மிஞ்சின மீனை என்ன பண்ணுவீங்க?", "வாடைக்காத்துல வடகடல்ல தொழில் இல்லன்னா எங்க போவீங்க?" இந்த மாதிரிக் கேள்விக்குப் பதில் ஒரு வரியில் நிற்காது. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றின் பெயர் வரும், கூடவே எந்தக் காற்றுக்கு எந்த மீன் என்று வரும், அவர் போன துறைகளின் பெயரெல்லாம் வரும். குறுக்கே பேசாமல் பதிவு செய்யுங்கள், வீட்டுக்கு வந்து அன்றைக்கே எழுதிவிடுங்கள், ஒரு வாரம் தள்ளினால் கிணறு பள்ளிக்குக் கிழக்கா மேற்கா என்பது உங்களுக்கே மறந்துவிடும்.

எப்போது போவது என்பதும் முக்கியம். விசைப்படகுக்காரர்களைப் பார்க்க நல்ல காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் ஏறியிருக்கும், மராமத்து பார்த்துக்கொண்டே நிதானமாகப் பேசுவார்கள். நாட்டுப்படகுக்காரர்கள் அப்போதும் கடலுக்குப் போவார்கள், அவர்களைச் சாயங்காலம் வலை பொத்துகிற இடத்தில் பாருங்கள். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் வெளிநாட்டில் இருக்கும் காக்காமார்களை (அண்ணன்மார்களை) பெருநாள் விடுப்பில்தான் பிடிக்க முடியும். பெண்களிடம் பேச உங்க வீட்டு லாத்தாவையோ அக்காவையோ கூட்டிப்போவது மரியாதை, அவர்களே கேள்வி கேட்டால் இன்னும் நல்லது.

கல்யாண ஆல்பம் இருந்தால் பார்க்கக் கேளுங்கள். மாப்பிள்ளை பொண்ணைப் பார்க்காமல் அவர்களுக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். கீற்றுக் கொட்டகையா ஓடா, சுவர் பவளப்பாறைக் கல்லா செங்கல்லா, மின்கம்பம் தெரிகிறதா, தெரு மணலா தாரா. நம்ம கரையில் ஒரு காலத்தில் கடலிலிருந்து எடுத்த பவளக் கல்லையும் அதைச் சுட்ட சுண்ணாம்பையும் வைத்து எவ்வளவு வீடு கட்டினார்கள் என்பதற்கு அந்தப் பின்சுவர்தான் சாட்சி. படத்தைக் கையோடு கேட்டு வாங்கிப் போகாதீர்கள், அங்கேயே வெளிச்சத்தில் வைத்துப் போனில் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பின்பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் இருந்தால் அதையும் எடுங்கள்.

அடி விழுந்த வருஷம்

எல்லாக் கடற்கரை ஊருக்கும் ஒரு பெரிய அடி உண்டு. அதைச் சோகமாக மட்டும் எழுதி முடித்தால் போதாது. அடிக்கு முன்னால் ஊர் எதில் நின்றது, பின்னால் எதைப் பிடித்து எழுந்தது, அல்லது ஏன் எழவில்லை, இதுதான் கேள்வி.

கிறிஸ்டியான்சுண்டுக்கு அந்த அடி 1940 ஏப்ரல் 28ல் தொடங்கியது. ஜெர்மன் விமானங்கள் மே 2 வரை குண்டு போட்டன, மர வீடுகள், சுமார் 800 கட்டடங்கள், ஊரின் நடுப்பகுதி எரிந்துபோனது. போர் நடக்கும்போதே புதுத் தெருத் திட்டம் போட்டார்கள், அதே பாறைகளின் மேல் அதே துறைமுகத்தைச் சுற்றி ஊரைத் திரும்பக் கட்டினார்கள். இன்றைக்கு அங்கே பார்க்கும் வண்ண வண்ண வீடுகள் பெரும்பாலும் அந்தக் காலத்தவை. 1914ல் கட்டிய ஃபெஸ்டிவிட்டெட்டன் என்ற அரங்கம் குண்டுக்குத் தப்பியது, இவ்வளவு சின்ன ஊரில் இசை நாடக விழாவும் நடத்துகிறார்கள்.

நமக்கு 1964 டிசம்பர் 22, 23. தனுஷ்கோடியில் ரயில் நிலையம், சுங்க அலுவலகம், அஞ்சலகம், தேவாலயம், பள்ளிக்கூடம் என்று எல்லாம் இருந்தது, பாம்பனிலிருந்து போன பயணி ரயில் ஆட்களோடு கடலுக்குள் போனது. அரசு அந்த இடத்தை வாழத் தகுதியற்றது என்று அறிவித்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இது: ஒன்று பாறை, இன்னொன்று இரண்டு கடலுக்கு நடுவில் மணல், அது முதல் வேறுபாடு. இரண்டாவது, கிறிஸ்டியான்சுண்டுக்குச் சொந்தச் சரக்கு இருந்தது. துறைமுகப் பட்டினமாக இருந்த தனுஷ்கோடி 1914 முதல் தலைமன்னாருக்குப் போகும் ரயிலையும் கப்பலையும் நம்பி வளர்ந்தது, போக்குவரத்து ராமேஸ்வரத்துக்கு மாறியதும் அந்தப் பட்டினத்துக்குத் திரும்பி வரக் காரணம் இல்லாமல் போனது. ஆனால் கடல் தொழில் செய்த குடும்பங்கள் விடவில்லை, குடிசை போட்டுத் தொழில் செய்துகொண்டேதான் இருந்தார்கள். உங்க ஊரிலும் இந்தப் பிரிவினையைத் தேடுங்கள், வந்துபோகிறவர்களால் பிழைத்தது எவ்வளவு, சொந்தத் தொழிலால் பிழைத்தது எவ்வளவு என்று. ராமேஸ்வரத்துக்கு எழுதுகிறவர்களுக்கு இது மிகவும் தேவைப்படும்.

பாதை

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது எல்லோரும் தானாகவே எழுதுகிற பகுதி. கிறிஸ்டியான்சுண்டில் தீவுக்குத் தீவு ஆளை ஏற்றிப்போகும் பொதுப் படகு 1876ல் தொடங்கியது, இன்றைக்கும் ஓடுகிறது. 1992ல் பாலங்களும் கடலுக்கடியில் சுரங்கப்பாதையும் வந்து ஊர் நிலப்பகுதியோடு ரோட்டால் சேர்ந்தது. நமக்கு 1914ல் பாம்பன் ரயில் பாலம், 1988ல் ரோட்டுப் பாலம், 2025 ஏப்ரலில் தூக்குப் பாலத்தோடு புது ரயில் பாலம். திறந்த தேதியை எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். பாதை வந்த பிறகு மீன் எந்த ஊர்ச் சந்தைக்குப் போனது, யார் புது வியாபாரியாக வந்தார்கள், எந்தப் படகுத்துறை வெறிச்சோடியது, பொண்ணு கொடுக்கிற எடுக்கிற ஊர்கள் மாறினவா, இதை எழுதுங்கள்.

நார்வேயும் மண்டபமும்

மண்டபம், பாம்பன் பக்கத்தவர்களுக்கு இது தனி அத்தியாயம். இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் மூன்றும் 1952ல் ஒரு ஒப்பந்தம் போட்டன, கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரையில் 1953ல் வேலை தொடங்கியது. இயந்திரப் படகு, ஐஸ், புது வலை என்று கேரளத்து மீன்பிடியையே மாற்றிய இந்தோ-நார்வீஜியன் திட்டம் அதுதான். 1960களில் அது கேரளத்துக்கு வெளியே விரிந்தபோது தேர்ந்தெடுத்த இடங்களில் மண்டபமும் ஒன்று. 1972ல் முடிந்தது. கிறிஸ்டியான்சுண்ட் மாதிரி ஊர்களின் அனுபவம் நேராக நம்ம கரைக்கு வந்த காலம் அது. விசைப்படகு வந்ததால் யார் ஏறினார்கள், கரைவலைக்காரருக்கும் நாட்டுப்படகுக்காரருக்கும் என்ன ஆனது, இறால் ஏற்றுமதி எப்படித் தொடங்கியது என்பதை மண்டபத்துப் பெரியவர்களிடம் இப்போதே கேட்க வேண்டும்.

அந்த நார்வே ஊர் அடுத்து எதைப் பிடித்தது என்று கேட்பீர்கள். எண்ணெய். 1993ல் டிராவ்கென் என்ற கடல் எண்ணெய் வயல் உற்பத்தி தொடங்கியபோது அதை நடத்தும் அலுவலகம் கிறிஸ்டியான்சுண்டில் அமைந்தது, கடலில் இருக்கும் மேடைகளுக்குச் சாமான் ஏற்றும் தளமும் அங்கே இருக்கிறது. மீன், கப்பல், எண்ணெய் என்று மூன்று சரக்கு மாறியும் துறைமுகம் அதேதான். உங்க ஊரில் இப்போது எது ஓடுகிறது, இறால் பண்ணையா, சுற்றுலாவா, வெளிநாட்டுப் பணமா என்பதையும் அதே மாதிரி ஒளிவுமறைவில்லாமல் எழுதுங்கள்.

காகிதம் எங்கே கிடைக்கும்

நார்வேக்காரர்களுக்கு ஒரு வசதி, 1801 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே வீடு வீடாகப் பெயரும் தொழிலும் இருக்கிறது, 1865, 1900, 1910 கணக்கெல்லாம் இணையத்தில் இலவசம். நமக்குப் பெயர்வாரியான தாள்கள் கிடைக்காது, மொத்த எண்ணிக்கை மட்டும்தான். மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடுகளில் உங்க ஊரின் மக்கள்தொகையைப் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை எழுதி ஒரே வரிசையில் வையுங்கள், எண் துள்ளிய இடத்திலும் விழுந்த இடத்திலும் என்ன நடந்தது என்று தேடுங்கள். ஒரு எச்சரிக்கை, 1985க்கு முன்னால் ராமநாதபுரம் மாவட்டம் என்றால் சிவகங்கையும் விருதுநகரும் சேர்ந்தது, அதனால் மாவட்ட மொத்தத்தை ஒப்பிடாதீர்கள்.

பெயருக்கு வேறு வழி உண்டு. பள்ளிவாசல் ஜமாஅத்தின் கல்யாணப் பதிவுகள், தேவாலயத்தின் திருமுழுக்குப் பதிவேடு, கோயில் வரிக் கணக்கு, பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேடு. சேர்க்கைப் பதிவேட்டில் அப்பா தொழில் என்ற கட்டம் இருக்கும், அதை மட்டும் வருஷவாரியாகப் பார்த்தால் ஊர் எப்போது எந்தத் தொழிலுக்கு மாறியது என்று தெரியும். அனுமதி வாங்கிப் பாருங்கள், வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். நிலத்துக்கு கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடும் புல வரைபடமும் இருக்கும். வீட்டுப் பழைய பத்திரங்களில் "இதற்கு வடக்கே இன்னாருடைய மீன் வாடி" என்று நான்கு எல்லை எழுதியிருப்பார்கள், காணாமல் போன கட்டடங்களை அதில்தான் கண்டுபிடிக்க முடியும். மீன் கணக்குக்கு, 1947ல் தொடங்கி வெகுகாலம் மண்டபத்திலிருந்து இயங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் பழைய அறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1889ல் வந்த ராமநாதபுரம் சமஸ்தானக் கையேட்டையும் தேடிப் படியுங்கள். கூகுள் எர்த்தில் பழைய வருஷத்துச் செயற்கைக்கோள் படங்களைத் திருப்பிப் பார்த்தால் இருபது வருஷத்துக் கரை மாற்றம், புதுத் தெருக்கள், இறால் பண்ணைகள் எல்லாம் கண்ணுக்கு நேரே தெரியும்.

எழுதி முடித்த பிறகு

ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து எதையும் முடிவாக எழுதாதீர்கள், இன்னொரு தெருவில், இன்னொரு சமூகத்தில் கேட்டுப் பாருங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் போடுங்கள். சண்டை, சாதித் தகராறு, கடத்தல் மாதிரி விஷயங்கள் வரும்போது யார் சொன்னது என்ற பெயரை எடுத்துவிடுங்கள். மற்றவர்களிடம் பெயர் போடலாமா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள், தங்கள் பெயர் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களும் உண்டு.

அச்சடிக்கப் பணம் இல்லையென்றால் ஜெராக்ஸ் போட்டு ஸ்பைரல் பைண்டிங் செய்தால் போதும். முதல் பிரதியை உங்களிடம் பேசிய பெரியவர்களுக்குக் கொடுங்கள், படிக்க முடியாதவர்களுக்குப் பேரப்பிள்ளையைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், தப்பு இருந்தால் அங்கேயே சொல்லிவிடுவார்கள். திருத்திய பிறகு பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, கிளை நூலகத்துக்கு ஒன்று. குரல் பதிவுகளை ஆள், தேதி, தெரு பெயரிட்டு இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள், போன் தண்ணீரில் விழுந்தால் எல்லாம் போய்விடும்.

வர்ற தடைக்காலத்துக்கு முன்னால் அந்தச் சம்பவத் தாளையும், முதலில் பார்க்க வேண்டிய பத்துப் பெரியவர்களின் பெயரையும் எழுதி வைத்துவிடுங்கள். அந்தப் பத்தில் யாருக்கு வயது அதிகமோ அவரிடம் முதலில் போங்கள்.